விழக் கற்ற விளையாட்டு

நடுத்தர வயதுக்காரர்களின் தொந்திக்கு உலகம் நன்றி சொல்லவேண்டிய சந்தர்ப்பங்கள் அதிகம் இல்லை. ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். வாலிபால் என்ற விளையாட்டு பிறந்ததே அப்படிப்பட்ட தொந்திகளை உத்தேசித்துத்தான்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்று ஓர் ஊர் இருக்கிறது. காகித ஆலைகளுக்குப் பேர்போன ஊர். 1895-ஆம் வருஷம் அவ்வூர் ஒய்.எம்.சி.ஏ.யில் தேகப்பயிற்சி ஆசிரியராக இருந்தவர் வில்லியம் மார்கன். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அவரிடம் பயிற்சிக்கு வந்தவர்களில் பலர் வியாபாரிகள். பகல் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டு, உடம்பை இளைக்க வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு வந்து சேரும் கனவான்கள். நம் ஊர்க் கடைவீதி முதலாளிகளை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இவர்களுக்கு என்ன விளையாட்டைக் கொடுப்பது? பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில்தான் மார்கன் படித்தார். அதே பள்ளியில்தான் 1891-ஆம் வருஷக் கடைசியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் பாஸ்கெட்பால் விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தார். இளைஞர்கள் அதில் மயங்கிக் கிடந்தார்கள். ஆனால் ஓடுவதும் மோதுவதும் முட்டித் தள்ளுவதுமாக இருந்த அந்த ஆட்டம் நாற்பது வயது வியாபாரிகளுக்கு ஒத்துவரவில்லை. மூச்சு வாங்கிற்று, முழங்கை விலாவில் இடித்தது.

மார்கன் யோசித்தார். டென்னிஸ் நினைவுக்கு வந்தது. அதற்கு மட்டை வேண்டும், சின்னப் பந்து வேண்டும். அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு வலையை மாத்திரம் வைத்துக்கொண்டார். அதைத் தரையிலிருந்து ஆறரை அடி உயரத்துக்குத் தூக்கிக் கட்டினார். இந்தப் பக்கம் சிலர், அந்தப் பக்கம் சிலர்; நடுவில் வலை. ஒருவரை ஒருவர் தொடவே முடியாது. பந்துக்காகச் சோதனைகள் நடந்தன. பாஸ்கெட்பாலின் உள்ளே இருக்கும் ரப்பர்ப் பையைத் தட்டிப் பார்த்தார்கள்; அது மிகவும் லேசாக மிதந்தது. பாஸ்கெட்பாலையே தட்டிப் பார்த்தார்கள், கை வலித்தது. கடைசியில் ஸ்பால்டிங் கம்பெனியாரிடம் சொல்லி, ஒன்பது முதல் பன்னிரண்டு அவுன்ஸுக்குள் எடையுள்ள புதுப் பந்து ஒன்றைச் செய்வித்தார்.

விளையாட்டுக்கு அவர் முதலில் வைத்த பெயர் ‘மின்டோனெட்’. 1896-ஆம் வருஷம் ஸ்பிரிங்ஃபீல்டில் தேகப்பயிற்சி ஆசிரியர்கள் கூடிய மாநாட்டில் இதை ஆடிக் காட்டச் சொன்னார்கள். மார்கன் ஹோலியோக்கிலிருந்து பக்கத்துக்கு ஐந்து பேராக இரண்டு கோஷ்டிகளை அழைத்துப் போனார். ஒரு கோஷ்டிக்குத் தலைவர் அவ்வூர் மேயர். மற்றொன்றுக்குத் தலைவர் தீயணைப்புப் படைத் தலைவர். ஒரு நகரத்தின் மேயரும் தீயணைப்புத் தலைவரும் வலைக்கு இரு பக்கமும் நின்று ஒரு பந்தை அந்தரத்தில் தட்டித் தட்டி அனுப்புகிற காட்சியை எண்ணிப் பாருங்கள். பார்த்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ஹால்ஸ்டெட் என்ற பேராசிரியர், பந்து தரையைத் தொடாமல் பறந்துகொண்டே இருப்பதைக் கவனித்து, “இதற்கு வாலிபால் என்று பெயர் வைக்கலாமே” என்ற யோசனையைச் சொன்னார். பெயர் நிலைத்துவிட்டது.

இந்தப் பிறப்புக் கதையில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. மற்ற விளையாட்டுகள் பலவும் யுத்தத்தை நினைவுபடுத்துகின்றன: ஒருவனை ஒருவன் மடக்குவது, தள்ளுவது, துரத்துவது. வாலிபாலோ உடம்பின் மேல் இரக்கப்பட்டுப் பிறந்த விளையாட்டு. யாருக்கும் அடிபடக் கூடாது என்பதற்காகவே நடுவில் வலை கட்டினார்கள். அப்படியிருக்க, இன்றைக்கு வாலிபால் ஆடுகிறவர்களில் கணுக்கால் பிசகாதவனையும் முழங்கால் வலிக்காதவனையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். இது எப்படி நேர்ந்தது?

இதற்குப் பதில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் இருக்கிறது. எல்வுட் பிரவுன் என்ற ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் 1910-ஆம் வருஷம் மணிலாவுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுபோனார். அந்த ஊர் இளைஞர்கள் கொஞ்ச நாள் மரியாதையாகத் தட்டி விளையாடினார்கள். பிறகு அவர்களுக்கு ஒரு யுக்தி தோன்றிற்று. ஒருவன் பந்தை வலைக்கு அருகே உயரத் தூக்கிக் கொடுப்பது. இன்னொருவன் ஓடிவந்து எம்பிக் குதித்து, அந்தரத்திலேயே அதை ஓங்கி அறைவது. 1916 வாக்கில் இது பிரசித்தமாகிவிட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பொம்பா’. வெடிகுண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

அவ்வளவுதான். மேயரும் தீயணைப்புத் தலைவரும் ஆடிய ஆட்டம் அன்றோடு முடிந்தது. அடிப்பவன் குதித்தால் தடுப்பவனும் குதிக்க வேண்டும். வலையை உயர்த்தினார்கள், மனிதன் அதைவிட உயரக் குதித்தான். ஆறரை அடியில் தொடங்கிய வலை இப்போது ஆண்களுக்கு 2.43 மீட்டர், அதாவது ஏறக்குறைய எட்டடி, பெண்களுக்கு 2.24 மீட்டர். பந்தின் எடையோ இன்றைக்கும் 260 முதல் 280 கிராம்தான். மார்கன் சொன்ன அளவை விட்டு வெளியே போகவில்லை. பந்து கனக்கவில்லை, மனிதன்தான் மேலே போய்விட்டான். மேலே போனவன் கீழே வந்துதானே ஆக வேண்டும்? வாலிபாலின் காயங்களில் பெரும்பகுதிக்கு மூலகாரணம் இந்தக் கீழே வருகிற காரியம்தான்.

ஆகவே இந்த விளையாட்டின் சரித்திரத்தை ஜயித்தவர்கள் பட்டியலாக எழுதுவதைவிட, விழக் கற்றுக்கொண்டவர்களின் சரித்திரமாக எழுதுவதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சரித்திரத்தில் முதல் இடம் ஜப்பானில் ஒரு நூல் ஆலைக்கு உரியது.

ஒஸாகாவுக்கு அருகில் கைஸூகா என்ற ஊரில் நிச்சிபோ கம்பெனியின் ஆலை இருந்தது. அங்கே வேலை செய்த பெண்களின் வாலிபால் கோஷ்டிக்கு ஐம்பதுகளில் பயிற்சியாளராக வந்தவர் ஹிரோபுமி தைமாட்ஸு. இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா முனையில் இருந்தவர். ஜப்பானிய சேனை அழிந்துபோன இம்பால் படையெடுப்பில் உயிர் தப்பியவர். அப்படிப்பட்ட மனிதர் கையில் வந்து சேர்ந்தார்கள், அந்தப் பெண்கள். பகலில் ஆலை அலுவலகத்தில் வேலை. பிற்பகலில் பயிற்சி தொடங்கினால் நள்ளிரவு வரை நடக்கும். வலையின் மறுபக்கத்திலிருந்து அவர் பந்தை அடித்துக்கொண்டே இருப்பார்; எட்டாத பந்தையும் அவர்கள் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எட்டாத பந்தை எடுக்கப் பாய்ந்தால் தரையில் விழத்தான் வேண்டும். விழுந்தால் அடிபடும். அடிபடாவிட்டாலும், எழுந்து நிற்பதற்குள் அடுத்த பந்து வந்துவிடும். தைமாட்ஸு இதற்கு ஒரு வழி கண்டார். ஜப்பானில் ஒரு பொம்மை உண்டு. எப்படித் தள்ளினாலும் உருண்டு மறுபடி நிமிர்ந்துகொள்ளும். நம் தஞ்சாவூர்ப் பொம்மைக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். அந்தப் பொம்மையிலிருந்துதான் அவருக்கு யோசனை பிறந்தது என்பார்கள். பாய்ந்து பந்தை எடுத்த மறுகணம் உடம்பைச் சுருட்டித் தோளின் மேலாக உருண்டு, அந்த உருட்டலின் வேகத்திலேயே எழுந்து நின்றுவிடுவது. விழுகிற வேகம் ஒரே இடத்தில் இடியாமல் உடம்பு முழுவதும் பரவிப் போய்விடுகிறது. ஆட்டக்காரியும் அடுத்த பந்துக்குத் தயாராக நிற்கிறாள்.

இதைக் கற்றுக்கொள்வதற்குள் அந்தப் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இடுப்பும் தோளும் கன்றிப் போயின. ஆனால் கற்றுக்கொண்ட பிறகு அவர்களை யாராலும் வெல்ல முடியவில்லை. 1961-இல் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்து வரிசையாக ஜயித்தபோது சோவியத் பத்திரிகைகள் அவர்களைக் ‘கீழ்த்திசைச் சூனியக்காரிகள்’ என்று எழுதின. 1962-இல் மாஸ்கோவிலேயே ரஷ்யர்களைத் தோற்கடித்து உலகப் பட்டத்தை எடுத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் கதை எனக்குச் சுவாரசியமாகிறது. உலகப் பட்டம் கிடைத்ததும் அந்தப் பெண்களில் பலர், போதும், வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தார்கள். தலைவி மாஸாயே கஸாயிக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. ஆனால் 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடக்கப் போகிறது. முதல் தடவையாக அதில் வாலிபால் சேர்க்கப்பட்டிருக்கிறது. ரசிகர்களிடமிருந்து ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. ‘இன்னும் இரண்டு வருஷம் ஆடுங்கள்’ என்ற வேண்டுகோள்தான் எல்லாவற்றிலும். ஆடினார்கள். 1964 அக்டோபர் 23-ஆம் தேதி இறுதிப் பந்தயத்தில் சோவியத் கோஷ்டியை மூன்று செட்டுகளிலும் வென்றார்கள். அந்த ஆட்டத்தை டோக்கியோ வட்டாரத்தில் டெலிவிஷன் வைத்திருந்த வீடுகளில் நூற்றுக்கு 66.8 வீடுகள் பார்த்தன. கஸாயிக்கு அப்போது முப்பத்தொரு வயது. மறு வருஷம்தான் அவர் கல்யாணம் செய்துகொண்டார்.

தைமாட்ஸுவை மகாபுருஷர் என்று புகழ்ந்தவர்களும் உண்டு; ஈவிரக்கமில்லாதவர் என்று ஏசியவர்களும் உண்டு. இரு சாராரிடமும் நியாயம் இருக்கிறது. அடிபட்டாலும் ஆடு என்பது அவருடைய கட்டளை. அதைப் பின்பற்றும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அடிபடாமல் விழுவது எப்படி என்று கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். கட்டளையை மறந்துவிட்டு வித்தையை வைத்துக்கொள்ளலாம். உலகமும் ஏறக்குறைய அப்படித்தான் செய்தது. உருண்டு எழும் அந்த முறை தேசத்துக்குத் தேசம் பரவிற்று.

ஆனால் எல்லா விழுகையிலிருந்தும் உருண்டு எழுந்துவிட முடியாது. இதற்கும் ஜப்பான் மண்ணே சாட்சி. ஃபுளோ ஹைமன் என்ற அமெரிக்க வீராங்கனையை வாசகர்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். ஆறடி ஐந்து அங்குல உயரம். நீண்ட கைகள், நீண்ட விரல்கள். அவர் அடிக்கும் பந்துக்கு எதிரிகள் நடுங்குவார்கள். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கா வெள்ளிப் பதக்கம் பெற்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு ஜப்பானில் ஒரு கம்பெனிக் கோஷ்டிக்காக ஆடப் போனார். 1986 ஜனவரி 24-ஆம் தேதி மாட்ஸுயே என்ற ஊரில் பந்தயம். நடுவில் வழக்கம்போல் அவருக்குப் பதில் வேறொருத்தி ஆட வந்தாள். ஹைமன் வெளியே வந்து பெஞ்சியில் உட்கார்ந்து தன் கோஷ்டியாரை உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். அப்படியே சரிந்து தரையில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. அவருக்கு வயது முப்பத்தொன்று.

மாரடைப்பு என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். குடும்பத்தார் விடவில்லை, பரிசோதனை செய்யச் சொன்னார்கள். உண்மை வெளிவந்தது. அவருக்குப் பிறவியிலேயே ‘மார்ஃபான்’ என்ற கோளாறு இருந்திருக்கிறது. உடம்பைக் கட்டி நிறுத்தும் இழைகள் பலவீனமாக இருக்கும் நோய் அது. அந்த நோய் உள்ளவர்கள் பலர் நெடுநெடு என்று வளர்வார்கள். கை விரல்கள் நீண்டிருக்கும். அதோடு இருதயத்திலிருந்து புறப்படும் மகா ரத்தக்குழாயின் சுவரும் நைந்துகொண்டே வரும். ஒரு நாள் கிழிந்துவிடும். எந்த உயரத்தையும் எந்தக் கைநீளத்தையும் பார்த்து ஜனங்கள் கைதட்டினார்களோ, அவையே நோயின் அடையாளமாகவும் இருந்திருக்கின்றன. எத்தனையோ வருஷம் எத்தனையோ ஆயிரம் பேர் அவரைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அவர் இறந்தபின் அவருடைய சகோதரரைப் பரிசோதித்தபோது அவருக்கும் அதே கோளாறு இருப்பது தெரிந்து, காலத்தில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். தன் சாவினால் கூடப்பிறந்தவரைக் காப்பாற்றினார் என்று சொன்னால் தவறில்லை.

இதெல்லாம் எங்கேயோ ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்தது, நமக்கென்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு செய்தி. மார்கன் படித்த அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் 1919-இல் சென்னைக்கு வந்தார். 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிப் பள்ளியை இங்கே ஆரம்பித்தார். அதுதான் இன்றைக்கு நந்தனத்தில் இருக்கும் கல்லூரி. அங்கே படித்துவிட்டு ஊர் ஊராகப் போன டிரில் மாஸ்டர்கள்தான் நம் பள்ளிக்கூட மைதானங்களில் இரண்டு கம்பம் நட்டு வலை கட்டியவர்கள். ஆகவே ஹோலியோக்குக்கும் நம் ஊர்ப் பொட்டலுக்கும் நேர்ச் சம்பந்தம் இருக்கிறது.

இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து, செலவு அவ்வளவே. நம் கிராமங்களில் இந்த ஆட்டம் வேரூன்றியதற்கு அதுவே காரணம். 1961-இல் அர்ஜுனா விருதை முதன்முதலாக ஏற்படுத்தியபோது வாலிபாலுக்காக அதைப் பெற்றவர் நம் தமிழ்நாட்டு ஏ. பழனிசாமி. 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் இந்தியா வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1986-இல் ஸியோலில் வெண்கலம். இவையெல்லாம் நாம் பெருமைப்படவேண்டிய காரியங்கள்.

நான் ஆட்டக்காரன் அல்ல. வேடிக்கை பார்க்கிறவன். எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு மின்னொளிப் பந்தயம் நடக்கும். மைதானத்தைச் சுற்றிச் சவுக்குக் கட்டைகள் நட்டு விளக்குப் போடுவார்கள். சுழற்கோப்பை இன்னாரால் வழங்கப்படுகிறது, இரண்டாம் பரிசு இன்ன ஜவுளிக்கடையாரால் வழங்கப்படுகிறது என்று ஒலிபெருக்கி விடாமல் முழங்கும். ஒரு வருஷம் அரை இறுதிப் பந்தயத்தில் ஒரு பையன், நல்ல உயரம், கறுப்பு, அபாரமாக அடிப்பான், எம்பி அடித்துவிட்டு வலைக்குக் கீழே இறங்கும்போது எதிராளியின் பாதத்தின் மேல் கால் பட்டுக் கணுக்கால் மடங்கி விழுந்துவிட்டான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது.

“கால் ஊன முடியலண்ணே” என்றான்.

“ஒரே ஒரு செட்டுதாண்டா தம்பி. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடிடு. ஊரே உன்னை நம்பித்தான் இருக்கு” என்றார், கோஷ்டிக்குப் பெரியவராக இருந்தவர்.

யாரோ ஒருவர் வேப்பெண்ணெயைக் காய்ச்சி எடுத்துவந்து, வீக்கத்தை அழுத்தி அழுத்தி வழித்துவிட்டார். பையன் அலறினான். பிறகு ஒரு துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு ஆடினான். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஜயித்தும் விட்டார்கள். கோப்பை ஊருக்கு வந்தது. பையன் அதன் பிறகு அந்தக் காலை நம்பிக் குதிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் ஆட்டத்தையே விட்டுவிட்டான். அந்தப் பெரியவர் கெட்டவர் அல்ல. அந்தப் பையனிடம் அவருக்குப் பிரியம்கூட உண்டு. பிரியம் இருந்தது, விஷயம் தெரியவில்லை.

விஷயம் இப்போது தெரிந்திருக்கிறது. நார்வே நாட்டு டாக்டர்கள் வாலிபால் ஆட்டக்காரர்களை வருஷக்கணக்கில் கூடவே இருந்து கவனித்தார்கள். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் வலைக்குக் கீழே, எதிராளியின் பாதத்தின் மேலோ கூட்டாளியின் பாதத்தின் மேலோ இறங்கும்போதுதான் என்று கண்டார்கள். ஒரு தடவை பிசகிய கால், சரியாக ஆறாமல் மைதானத்துக்குத் திரும்பினால் மறுபடி பிசகும் என்பதையும் கண்டார்கள். பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? ஆட்டக்காரர்களுக்குச் சரியாக எம்பவும் இறங்கவும் கற்றுக்கொடுத்தார்கள். ஆடுகிற பலகையின் மேல் ஒற்றைக் காலில் நின்று பழகச் சொன்னார்கள். 1997-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி கணுக்கால் பிசகல் பாதியாகக் குறைந்துவிட்டது. மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை. இறங்கக் கற்றதுதான் வைத்தியம்.

பிசகிவிட்டால் என்ன செய்வது? முதலாவது, ஆட்டத்தை நிறுத்துவது. வீங்கிய இடத்தைத் தேய்ப்பதும் இழுப்பதும் கூடவே கூடாது. கணுக்காலைப் பக்கவாட்டில் கட்டியிருக்கும் நார் கிழிந்திருக்கிறது. கிழிந்ததைத் தேய்த்தால் மேலும் கிழியும். நீளத் துணிப்பட்டியால் இதமாக அழுத்திக் கட்டி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்க வேண்டும். எலும்பு முறிந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்குக் கனடா தேசத்து டாக்டர்கள் 1992-இல் ஒரு சுலபமான சோதனை சொன்னார்கள். அடிபட்டவன் நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா? கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? நாலு அடி வைக்க முடியாவிட்டாலும், எலும்பின் மேலேயே வலித்தாலும், எக்ஸ்-ரே எடுத்துவிட வேண்டும். அன்று அந்தப் பையனை நாலு அடி நடக்கச் சொல்லியிருந்தால் போதும்.

ஐஸ் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 1978-இல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர், ‘ஓய்வு, ஐஸ், அழுத்திக் கட்டு, உயர்த்தி வை’ என்று நாலு கட்டளைகளை எழுதினார். உலகம் முழுவதும் அவை வேதவாக்காயின. முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அதே டாக்டர், ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தாமே திருத்திக்கொண்டார். ஆகவே வலியைத் தணிக்கக் கொஞ்ச நேரம் வைக்கலாம்; குணப்படுத்தும் என்று நம்பி நாளெல்லாம் வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நீண்ட ஓய்வும் அப்படித்தான். ஓரிரு நாள் போனதும் வலி பொறுக்கும் அளவுக்குக் காலை அசைக்கத் தொடங்கிவிட வேண்டும்.

முழங்கால் வலி வேறு ரகம். ஒரே நாளில் வராது. கடன் மாதிரி சிறுகச் சிறுக ஏறும். முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் கெட்டியான நாண், ஓயாமல் குதித்துக் குதித்து நைந்துபோவதால் வருவது. 2005-இல் வெளிவந்த இன்னொரு நார்வே ஆய்வில், உயர்நிலை வாலிபால் ஆட்டக்காரர்களில் நூற்றுக்குச் சுமார் 45 பேருக்கு இது இருந்தது. இதற்குப் படுத்துக் கிடப்பதும் மருந்தல்ல, பொறுத்துக்கொண்டு குதிப்பதும் மருந்தல்ல. குதிப்பதைக் குறைத்துக்கொண்டு, மெதுவாக உட்கார்ந்து எழுகிற பயிற்சிகளால் அந்த நாணை மாதக்கணக்கில் பலப்படுத்த வேண்டும்.

விரல்களை யாரும் பொருட்படுத்துவதே இல்லை. பந்து விரல்நுனியில் மோதும். “இழுத்து விட்டால் சரியாகிவிடும்” என்று நாலு பேர் இழுப்பார்கள். நுனிமூட்டு தொங்கிப்போய்த் தானாக நிமிராவிட்டால், நாண் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அதை நிமிர்த்தி, சின்னச் சிம்பு வைத்து, ஆறு முதல் எட்டு வாரம் ஒரு நாள்கூட மடங்க விடாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். இழுத்தால் சேராது.

விளையாட்டை நடத்துகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. முன்பெல்லாம் ‘சர்வீஸ்’ போடும் கோஷ்டிக்கு மட்டுமே பாயிண்டு. பந்தயம் முடிவில்லாமல் நீளும். தொண்ணூறுகளின் கடைசியில், பந்து விழுந்த ஒவ்வொரு தடவையும் யாருக்காவது ஒரு பாயிண்டு என்று மாற்றினார்கள். ஆட்டம் ஓர் அளவுக்குள் வந்தது. 1998-இல் சர்வதேச ஆட்டங்களில் ‘லிபரோ’ என்ற ஆட்டக்காரரைச் சேர்த்தார்கள். அவர் குதித்து அடிக்க வேண்டியதில்லை. பின்வரிசையில் விழுந்து புரண்டு பந்தை எடுப்பதே அவர் வேலை. விழுவதற்கென்றே ஓர் ஆளை நியமித்து, அவருக்கு வேறு நிறத்தில் சட்டையும் போட்டு மரியாதை செய்த விளையாட்டு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இத்தனையும் சொன்னது ஆட்டக்காரர்களுக்காக மட்டும் அல்ல. அவர்களுக்குச் சொல்ல டிரில் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். நம்மைப்போல் வேடிக்கை பார்ப்பவர்களுக்கும், கோப்பை வாங்கிக் கொடுப்பவர்களுக்கும், விழாக் கமிட்டியில் இருப்பவர்களுக்கும்தான் முக்கியமாகச் சொன்னேன். ஆட்டத்தை ஆதரிப்பது என்றால் நம் ஊரில் இரண்டே காரியம்தான்: பணம் கொடுப்பது, கைதட்டுவது. இரண்டும் நல்ல காரியங்களே. ஆனால் கைதட்டலுக்கு ஒரு சக்தி இருக்கிறது. அது வலியை மறக்கச் செய்யும். கல்யாணத்துக்குக் காத்திருந்த கஸாயியை இரண்டு வருஷம் நிறுத்தி வைத்தது அந்தச் சக்திதான். பதினெட்டு வயதுப் பையன் அதை எதிர்த்து, “என்னால் முடியாது” என்று சொல்லிவிட முடியுமா? அவனுக்காக வேறு யாராவது சொல்ல வேண்டும். யார் சொல்வது என்பதைப் பந்தயம் தொடங்குவதற்கு முன்பே தீர்மானித்து வைக்க வேண்டும். ஆட்டத்தின் சூட்டில் தீர்மானிக்க முடியாது.

சுழற்கோப்பைக்கு ஆகிற செலவில் பத்தில் ஒரு பங்கு போதும். நாலு சுருள் துணிப்பட்டி, விரலுக்குச் சிம்பு, கால் பிசகியவர்களுக்குக் கணுக்கால் உறை, மைதானத்தில் கல் பொறுக்கி மண்ணைக் கொத்திவிட இரண்டு ஆள் கூலி. பந்தயத்துக்கு முன்னால் ஒரு டாக்டரை வரவழைத்து, பிள்ளைகளின் இருதயத்தைச் சோதிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. மிகவும் உயரமான பிள்ளையைக் கண்டால் அவனுடைய அடியை மட்டும் புகழாமல், அவனைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்க்கச் சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் கோப்பை கொடுத்தவர் பெயரோடு துணிப்பட்டி கொடுத்தவர் பெயரையும் சேர்த்து முழங்கட்டுமே! ஜவுளிக்கடைக்காரருக்கு அதிலும் விளம்பரம் உண்டு.

அந்த மார்கன் 1942 வரை உயிரோடு இருந்தார். தொந்தி வியாபாரிகளுக்காகத் தாம் கட்டிய வலைக்கு மேலே உலகத்து வாலிபர்கள் எம்பிப் பறக்கிறார்கள் என்ற செய்தி அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. அவர்கள் பறக்கட்டும். பறப்பதைப் பார்ப்பதற்காகத்தான் நாமும் பனியில் உட்கார்ந்திருக்கிறோம். அவர்கள் பத்திரமாகத் தரைக்கு வந்து சேர்ந்ததையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் புறப்படுவோம்.